பாற்சோற்றில் மூன்று பங்கு

ஏப்ரல் 12, 2009 – ரூவி

பன்னிரண்டாம் வகுப்பில் இன்று அணிசேராக் கொள்கை. புதிதாய்ச் சுதந்திரம் வாங்கிய நாடு. இரண்டு வல்லரசுகள் ஆளுக்கொரு பக்கம் இழுக்க, யார் பக்கமும் சாய மாட்டேன் என்று நின்றது. இந்தப் பாடம் எடுக்கும்போது மட்டும் எனக்குக் குரல் தானாக ஏறிவிடும். ‘அணிசேராமை என்றால் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதல்ல’ – பரீட்சைக்கு வரும், கோடு போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

வீட்டிலும் அதே கொள்கைதான். இந்த வளைகுடா ஊரில் ஒரே ஃப்ளாட்டில் நாங்கள் மூன்று பேர். சுகந்தா யாழ்ப்பாணம். அவள் அம்மா வன்னியில் சண்டைக்கு நடுவே மாட்டிக்கொண்டிருக்கிறார். சமன்மலி சிங்களப் பெண். தம்பி அதே சண்டையில் ராணுவத்தில். ஹாலில் நியூஸ் கிடையாது, யார் சமைத்தாலும் மூன்று பங்கு – நான் போட்ட சட்டம். இரண்டு வருடமாக ஓடுகிறது. எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

ஏப்ரல் 24

சுகந்தாவின் அம்மாவிடமிருந்து தகவலே இல்லை. அங்கே இப்போது ஜனங்கள் யாரும் இல்லை, எல்லாரும் புலிகள்தான் என்று சமன்மலி ஃபோனில் யாரிடமோ சொல்லியிருக்கிறாள். சுகந்தா காதில் விழுந்துவிட்டது.

“அக்கா, என்ரை அம்மா அங்கதான் இருக்கிறா எண்டு நீங்களாவது அவவுக்கு ஒருக்காச் சொல்லக் கூடாதோ?”

உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் என்னை இழுக்காதே என்றேன். சொன்னது சரிதானே? இரண்டு பேரும் எனக்கு வேண்டியவர்கள்.

மே 8

சுகந்தா இன்றும் சாப்பிடவில்லை.

மே 19

என்ன செய்துவிட்டேன்.

போர் முடிந்ததாம். ஸ்கூல் விட்டு வந்தால் சமன்மலி தேங்காய்ப்பாலில் சோறு பொங்கி, தட்டில் பரப்பித் துண்டு போட்டுக்கொண்டிருக்கிறாள். தம்பி உயிரோடு இருக்கிறானாம். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. சாப்பிட்டேன். பழக்கதோஷம் – சுகந்தாவின் பங்கையும் அவள் தட்டில் எடுத்து மூடி வைத்தேன். நல்லது நடந்தால் சமன்மலியின் ஊரில் பாற்சோறு பொங்குவார்களாம். ஜெயித்துவிட்டோம் என்று இன்று அங்கே தெருத்தெருவாக அதைத்தான் கொடுக்கிறார்களாம். இதையெல்லாம் எனக்கு முன்னாடியே யார் சொன்னது?

சுகந்தா வந்து மூடியைத் திறந்தாள்.

“அம்மா இருக்கிறாவோ இல்லையோ எண்டே தெரியேல்லை. எனக்கும் பங்கு வச்சிருக்கிறியளே, அக்கா.”

எப்பவும் போலத்தாம்மா வச்சேன், சத்தியமா வேற ஒண்ணும் நினைக்கல – கத்தினேன், காலைப் பிடிக்காத குறை. அவ பெட்டியை எடுத்துட்டுப் போயிட்டா.

மே 31

டெஸ்ட் பேப்பர் திருத்தினேன். எல்லாப் பிள்ளைகளும் ‘சும்மா பார்த்துக்கொண்டிருப்பதல்ல’ என்ற அந்த வரியை அப்படியே எழுதியிருக்கிறார்கள். முழு மார்க் போட்டேன்.

ஜூன் 11

ரூவி பஸ் ஸ்டாண்டில் சுகந்தாவைப் பார்த்தேன். பாதியாக இளைத்துவிட்டாள். அம்மா? “ஒரு முகாமிலயும் பேர் இல்லை.” கையைப் பிடிக்கப் போனேன், பையை அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருக்கலாம். சமன்மலியின் தம்பி சுகமா என்றுகூடக் கேட்டாள். பிள்ளைகளுக்குப் பரீட்சை எப்போது என்றாள். அப்புறம் பஸ் வந்துவிட்டது.

“வாறன், டீச்சர்” என்று சொல்லிவிட்டு ஏறினாள்.