எனக்குத் தெரிய வேண்டாம் என்று நீ எழுதிய கடிதம்

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், மலாக்காவில் சுகாதாரத் துறை அலுவலகத்தின் குளிர் அறையில், உன் கையெழுத்து என் மடியில் வந்து விழுந்தது. பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். நீல மை. வரி முடிகிற இடத்தில் மேலே ஏறிக்கொண்டு போகும் உன் எழுத்து. பெயரைப் பார்ப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. முதலில் சந்தோஷப்பட்டேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். நீ போய் நான்கு வருடம் ஆன பிறகு, நான் இதுவரை படிக்காத ஒன்றை நீ எழுதியிருக்கிறாயே என்று. பிறகு படித்தேன். தாளை மேசையில் வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டேன். எதிரே இருந்த மலாய்க்காரப் பெண் எழுந்து வந்து, தண்ணீர் வேண்டுமா அக்கா என்று கேட்டாள். அவளுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை.

அங்கே எனக்கு என்ன வேலை என்று கேட்பாய். கேலி செய்யாதே, நான் மறுபடியும் படிக்கிறேன். ஐம்பதை நெருங்கும் வயதில் முதுகலை. சுகாதாரக் கொள்கைகளை யார் தீர்மானிக்கிறார்கள், எந்தெந்தக் கூட்டம் அவற்றை எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதுதான் பாடம். டாக்டர்கள் சங்கம், மருந்து விற்பவர்கள், மெஷின் விற்பவர்கள், நோயாளிகள் சங்கம் என்று ஆளுக்கொரு மனு கொடுப்பார்கள். அந்த மனுக்களையெல்லாம் தூசி தட்டிப் படிப்பது என் வேலை. புக்கிட் ரம்பாய் பேக்டரியில் கேண்டீன் சாப்பாட்டுக்காக நான் மேனேஜரோடு மல்லுக்கு நின்ற நாளிலிருந்து, தேர்தலில் நிற்காமலேயே, இங்கே எம்.பி.க்களை அழைக்கும் ஒய்.பி. பட்டத்தை எனக்குக் கொடுத்தவள் நீ. "ஒய்.பி. வந்துட்டாங்க, எல்லாரும் எந்திரிங்கலா" என்பாய். அந்த ஒய்.பி.க்குத்தான் போன செவ்வாய்க்கிழமை பாடம் கிடைத்தது.

ஆய்வேட்டின் நான்காவது அத்தியாயம் நம் கதை. அதை ஆசையாக எழுதி வைத்திருந்தேன். ஏழை நோயாளிகள் ஒன்றுசேர்ந்து, தங்களுக்கு ஆகாத ஒரு திட்டத்தைத் தடுத்து நிறுத்திய கதை. 'வட்டார நோயாளிகள் அனைவரும் எதிர்த்தனர்' என்று அதில் ஒரு வரி உண்டு. ஆதாரத்துக்கு மனுவின் நகல் வேண்டியிருந்தது. அதைத் தேடித்தான் போனேன்.

உனக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனபோது நமக்கு முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. வாரத்துக்கு மூன்று நாள், ரெம்பியாவிலிருந்து வேனில் மலாக்காவுக்கு ரத்தம் கழுவப் போவாய். நான்கு மணி நேரம் அந்த நாற்காலியில். ஷிப்டு இல்லாத நாட்களில் நானும் கூட வருவேன். திரும்பும்போது ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவாய். நான் பேசிக்கொண்டே வருவேன். நான் பேசாமல் இருந்த ஒரு பயணமாவது உண்டா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். இல்லை.

அந்தத் திட்டம் பற்றிச் சொல்ல ஓர் அதிகாரி ரத்தம் கழுவும் நிலையத்துக்கு வந்தார். இனிப் புதிதாக வருபவர்களுக்கும், ஏற்கெனவே வருபவர்களில் உடம்பு ஒத்துக்கொள்பவர்களுக்கும், வீட்டிலேயே சுத்திகரிப்பு. வயிற்றில் ஒரு சிறு குழாய். மருந்துத் தண்ணீர்ப் பையை ஒரு நாளைக்கு நான்கு தடவை நாமே மாற்றிக்கொள்ளலாம். சுத்தமான ஓர் அறையும் கை கழுவ ஓர் இடமும் இருந்தால் போதும். மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போனால் சரி. அவர் பொறுமையாகத்தான் சொன்னார்.

எனக்குக் காது கேட்கவில்லை. எனக்குக் கேட்டதெல்லாம் 'மாற்று ஏற்பாடு' என்ற ஒரு வார்த்தைதான். நாம் பிறந்த ரப்பர் தோட்டத்தில் டிஸ்பென்சரியை மூடும்போதும் இதைத்தான் சொன்னார்கள். வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக் கொட்டகையை இடிக்கும்போதும் இதைத்தான் சொன்னார்கள். இதைவிட நல்ல ஏற்பாடு வருகிறது என்றார்கள், எதுவும் வரவில்லை. தோட்டத்தில் பிறந்த எவளும் அந்த வார்த்தையை நம்ப மாட்டாள். வேனில் ஏறியதும் நான் கத்த ஆரம்பித்துவிட்டேன்.

"மெஷின புடுங்கப் போறானுங்கடி. வீட்டுல நீயே பாத்துக்கன்னு கையக் கழுவுறானுங்க."

நீ கண்ணைத் திறந்தாய். "எனக்கென்னமோ அது நல்லாருக்கும் போலத்தான் தெரியுது" என்றாய்.

"நீ சும்மா இருடி. உனக்கு இந்த அரசியல்லாம் தெரியாது."

நீ தலையை ஆட்டினாய். அவ்வளவுதான் நடந்தது. ஒரே ஒரு தடவை நீ சொன்னாய், நான் வாயை அடைத்துவிட்டேன். இத்தனை வருடம் இந்தப் பேச்சு எனக்கு நினைவுக்கு வந்ததே இல்லை. செவ்வாய்க்கிழமை அந்த அறையில், வேனின் சீட்டு நிறம்வரை நினைவுக்கு வந்தது.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். டை கட்டிய ஒரு தம்பி எங்கிருந்தோ வந்து சேர்ந்தான். தமிழ்ப் பையன், வாய் நிறைய அக்கா. "நீங்க மக்களப் பாருங்கக்கா, டைப் பண்ற வேலையெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றான். மனுவை அவன்தான் மலாயில் எழுதிக்கொண்டு வந்தான். பேனர் வந்தது, டீ சட்டை வந்தது. ரத்தம் கழுவும் மெஷின் விற்கும் கம்பெனியில் வேலை செய்பவன் என்பது நமக்குத் தெரியாமல் இல்லை. நல்ல மனசுக்காரன் என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் ரெம்பியா கோயில் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்தேன். மலாயில் இருந்ததை யாரும் படிக்கவில்லை. நான்தான் தமிழில் சொன்னேன். "ரத்தம் கழுவுற எடத்த மூடப் போறாங்க" என்று சொன்னேன். அந்த மனுவில் அப்படி ஒரு வரி இல்லை. நான் பொய் சொன்னதாக அன்று நினைக்கவில்லை. நம்ம பிள்ளை கேட்கிறது என்று எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கையெழுத்து உன்னுடையது. பேனாவை உன் கையில் நான்தான் கொடுத்தேன்.

திட்டம் தள்ளிப்போடப்பட்டது. கோயில் மண்டபத்தில் எல்லாருக்கும் சாப்பாடு போட்டோம்.

செவ்வாய்க்கிழமை அந்த அலுவலகத்தில் மனுக்களை வகைப்படுத்தி வைத்திருந்தார்கள். கம்பெனிகள் கொடுத்தது ஒரு தடித்த கோப்பு, சங்கங்கள் கொடுத்தது இன்னொன்று. முதலில் கம்பெனிகளுடையதைப் புரட்டினேன். மெஷின்காரர்கள் மனுவில் மூன்றாவது பத்தியைப் படிக்கும்போது எங்கேயோ படித்த மாதிரி இருந்தது. நம் மனுவை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். எழுத்துக்கு எழுத்து அதே பத்தி. ரெம்பியா ஜாசின் மாவட்டத்தில் இருப்பதாக இரண்டிலும் எழுதியிருந்தது. ரெம்பியா இருப்பது அலோர் காஜா மாவட்டத்தில், அங்கேயே பிறந்து வளர்ந்தவள் நான். என் ஊர் எந்த மாவட்டம் என்பதைக்கூடக் கவனிக்காமல் அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போயிருக்கிறேன்.

கோப்பின் கடைசியில் கூட்டக் குறிப்பு இருந்தது. நோயாளிகளே வேண்டாம் என்பதால் திட்டம் ஒத்திவைக்கப்படுகிறது என்று எழுதியிருந்தார்கள். கம்பெனி சொன்னால் லாபத்துக்குச் சொல்கிறது என்று ஒதுக்கிவிடுவார்கள். நோயாளி சொன்னால் யாரும் எதிர்த்துப் பேச முடியாது. கம்பெனிக்கு ஒரு நோயாளியின் வாய் வேண்டியிருந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். அந்தத் தம்பியை நினைத்து ஆத்திரமாக வந்தது. எப்படிப்பட்ட அத்தியாயம் கிடைத்துவிட்டது என்று உள்ளுக்குள் கொஞ்சம் குஷியும் வந்தது. படிக்கிற புத்தி அப்படித்தான்.

மூன்றாவது கோப்பின் மேல் 'தனிநபர்' என்று எழுதியிருந்தது. உள்ளே ஒரே ஒரு தாள்தான் இருந்தது. தூக்கியதும் நழுவி மடியில் விழுந்தது.

நீ எழுதியதை உனக்கே சொல்கிறேன். அந்த மனுவில் முதல் பெயர் என்னுடையது, அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று தொடங்கியிருந்தாய். எனக்கு வீட்டில் செய்துகொள்ள விருப்பம். கழுவிவிட்டு வந்தால் மறுநாள் வரை எழுந்திருக்க முடிவதில்லை, என் மகள் பள்ளியிலிருந்து வரும்போது நான் நின்றுகொண்டிருக்க வேண்டும். பின்னறையைச் சுத்தம் செய்து தயாராக வைத்திருக்கிறேன், வந்து பார்க்கலாம். கடைசி வரி: "என் சிநேகிதி எங்களுக்காக வெயிலில் அலைகிறாள். இது அவளுக்குத் தெரிய வேண்டாம்."

ஓரத்தில் யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள். 'குழு மனுவில் ஏற்கெனவே கையெழுத்திட்டவர். நடவடிக்கை தேவையில்லை.'

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போனேன். உன் கணவர் வாசலில் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தார். அலுவலகத்தில் அனுமதி வாங்கி எடுத்த உன் கடிதத்தின் படத்தைக் கைபேசியில் காட்டினேன். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நாந்தான்லா இத போஸ்ட் பண்ணேன்" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

"தெரியும். மலாய் வார்த்தையெல்லாம் எங்கிட்டதான் கேட்டுக் கேட்டு எழுதுனா."

"ஏண்ணே எங்கிட்ட சொல்லல?"

"எப்படிம்மா சொல்றது? அன்னிக்கு நீ ஓடியாந்து, ஜெயிச்சிட்டோம்ணேன்னு அவளக் கட்டிப் புடிச்சிக்கிட்டு அழுத. அவ உன் முதுகத் தடவிக் குடுத்தா. நீ போனப்புறம் அந்த ரூமு கதவச் சாத்திட்டு வந்து எனக்குச் சோறு போட்டா. அதப் பத்தி அப்புறம் பேசவே இல்ல."

பின்னறையைத் திறந்து காட்டினார். இப்போது லாரி டயர்களும் பழைய மின் காற்றாடியும் கிடக்கின்றன. சுவரில் பாதி உயரத்துக்கு வெள்ளை டைல்ஸ். மூலையில் ஒரு பேசின். அந்தப் பேசினை நான் அப்போதே பார்த்திருக்கிறேன். "ரூமுக்குள்ள எதுக்குடி பேசினு, சலூன் வைக்கப் போறியா?" என்று கேட்டுச் சிரித்தேன். நீயும் சேர்ந்துதான் சிரித்தாய். "ஆமாலா, மொத கஸ்டமர் நீதான், உன் வாயத்தான் வெட்டணும்" என்றாய். நான் அங்கேயே டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நீ எட்டு வருடம் வேனில் போனாய். வீட்டில் செய்திருந்தால் இன்னும் கூட இருந்திருப்பாயா என்று எனக்குத் தெரியாது. உன் உடம்புக்கு அது ஒத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லியிருப்பாரா என்பதும் தெரியாது. அப்படிச் சொல்லி என்னை நானே அடித்துக்கொள்வதும் ஒரு வகையில் நாடகம்தான். தெரிந்தது ஒன்றுதான். மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நின்றுகொண்டிருக்க வேண்டும் என்று நீ ஆசைப்பட்டாய். நாற்காலியில் உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்கு அது தெரியாது. நான் கேட்கவில்லை.

பேராசிரியையிடம் காட்டினேன். கம்பெனியின் பத்தி பெரிய கண்டுபிடிப்பு என்றார். உன் கடிதத்தைப் பார்த்துவிட்டு, ஒரு தனிநபரை வைத்து எதையும் நிறுவ முடியாது, அடிக்குறிப்பில் போட்டுக்கொள் என்றார். அவர் கெட்டவர் இல்லை. ஆராய்ச்சி முறை அப்படி. ஆனால் பென்சிலால் எழுதிய அந்த ஆளின் குரல் மறுபடியும் கேட்டது போல் இருந்தது.

அதைவிடப் பெரிய சிக்கல் உன்னுடைய கடைசி வரி. எனக்குத் தெரிய வேண்டாம் என்று எழுதியவளின் கடிதத்தை நான் ஊருக்குக் காட்டலாமா? காட்டாமல் விட்டால் 'அனைவரும்' என்ற வரி அப்படியே நிற்கும். உன்னை இரண்டாவது தடவை நானே துடைத்து அழித்த மாதிரி ஆகும். அந்தப் பின்னறையில் நின்றபோதே உன் கணவரிடம் இதைக் கேட்டிருந்தேன். அவர் காற்றாடியின் மேல் இருந்த தூசியைக் கையால் துடைத்தார்.

"ஒனக்குத் தெரிய வேணாம்னுதான எழுதுனா. ஒனக்குத் தெரிஞ்சிப் போச்சி. மத்தவங்க படிக்க வேணாம்னு அவ எழுதலயே. ஆபீஸ்ல எவனாச்சும் படிக்கணும்னுதான எழுதுனா. எவனும் படிக்கல. நீயாச்சும் படிக்க வையி."

நேற்று அந்த அத்தியாயத்தைத் திறந்து 'அனைவரும்' என்ற சொல்லை எடுத்தேன். உன் கடிதத்தை அடிக்குறிப்பில் போடவில்லை. முழுதாக, நடுப் பக்கத்தில் வைத்தேன். பெயரை மட்டும் மறைத்திருக்கிறேன். அதற்குக் கீழே, அவர் கையெழுத்தை வாங்கியவர் இந்த ஆய்வை எழுதுபவரே, அவர் விருப்பத்தை இவர் கேட்கவில்லை என்று எழுதினேன். அந்த ஒரு வரியை எழுத எனக்குக் காலையிலிருந்து மத்தியானம் வரை ஆனது. பேராசிரியை வெட்டச் சொல்வார். வெட்ட மாட்டேன். இந்த ஒரு விஷயத்துக்காவது நான் ஒய்.பி.யாக இருந்துகொள்கிறேன்.

இப்போதெல்லாம் நான் பேசும்போது எதிரில் இருப்பவர் தலையை ஆட்டினால் எனக்குப் பயமாக இருக்கிறது. பேச்சை நிறுத்திவிட்டு, உங்களுக்கு என்ன வேணும் என்று கேட்கிறேன். பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருக்கப் பழகுகிறேன். சிலர் உடனே சொல்கிறார்கள். சிலருக்கு நேரம் ஆகிறது. உனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியவில்லையடி. ரெம்பியாவிலிருந்து மலாக்கா வரைக்குமான அந்த வேன் பயணமே போதுமாயிருந்திருக்கும்.