சைக்கிள் வந்து சேரும் நேரத்து மொழி

அன்பு மகனுக்கு அம்மா ஆசையோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மகளும் நல்லபடியாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் படிக்கட்டோடு ஓயாமல் சண்டை போடுகிறது, அது கிடக்கட்டும். அங்கே நீயும் மருமகளும் எப்படி இருக்கிறீர்கள், குளிர் கொஞ்சம் விட்டதா, உன் முதுகுவலிக்கு அந்த நாற்காலியை மாற்றினாயா இல்லை இன்னும் தலையணையைச் செருகிக்கொண்டுதான் உட்காருகிறாயா. போனில் கேட்கலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் உம் கொட்டத்தான் முடியும், காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார். தபாலில் போட்டால் எப்போது வந்து சேருமோ தெரியாது, அதனால் நம் மருந்துக்கடைக்காரர் இதைத் தன் போனில் படம் எடுத்து உனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். படிக்க மாட்டேன் அம்மா என்று சத்தியம் செய்தார். படித்தாலும் ஒன்றுமில்லை, டாக்டர்களின் கிறுக்கலைத் தவிர வேறு கையெழுத்து அவருக்குப் புரியாது.

விஷயம் நம் கட்டெறும்பைப் பற்றியது. உன் மகளை நான் அப்படித்தான் கூப்பிடுகிறேன், சும்மா இருக்க மாட்டாள், சீண்டினால் கடிப்பாள். தெருவில் காய்கறி விற்கிறவளிலிருந்து கீழ்வீட்டுத் தையல்காரம்மாவரை எல்லோரிடமும் என் பேத்தி கம்ப்யூட்டர் படிக்கிறாள் என்று சொல்லிச் சொல்லி, இப்போது என்னைக் கண்டாலே அவர்கள் முந்திக்கொண்டு பேத்தி எப்படிப் படிக்கிறாள் என்று கேட்டுவிடுகிறார்கள், எனக்குச் சொல்ல வாய்ப்பே இல்லை. இந்த வருடம் கல்லூரியில் ஏதாவது ஒரு மொழியை எடுத்து அதிலேயே பெரிதாக ஒன்று செய்து காட்டவேண்டுமாம், அதைப் பார்த்துத்தான் கம்பெனிக்காரர்கள் வேலைக்கு எடுப்பார்களாம். எந்த மொழி என்பதை வெள்ளிக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். நீ பைத்தான் என்கிறாய், அவள் சி என்றாள். ஒன்று பாம்பு, இன்னொன்று ஒற்றை எழுத்து, இதற்காகவா அப்பனும் மகளும் இப்படி முட்டிக்கொள்கிறீர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் போட்ட சத்தம் அடுப்படிவரை கேட்டது. பாட்டியம்மா காலத்து மொழியை வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறே, நான் விழுந்த குழியில நீயும் விழணுமா, அதைத்தான் எடுப்பேன்னா இனிமே படிப்பு விஷயத்துல என்னைக் கேக்காதே என்றாய். பாட்டியம்மா காலத்தை ஏன் இழுத்தாய் என்று அப்போதே கேட்க நினைத்தேன், நீ வைத்துவிட்டாய்.

அதற்கப்புறம் அவள் அழவில்லை, அழுதிருந்தால் எனக்குப் பயமில்லை. அப்பா சொல்றதையே எடுத்துக்கறேன் பாட்டி, அவராவது சந்தோஷமா இருக்கட்டும் என்று தலையை நிமிர்த்தாமலே சொல்லிவிட்டு, மொட்டைமாடிக்குப் போய்த் தான் செய்த கருவியைக் கழற்றி ஒரு செருப்புப் பெட்டிக்குள் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். என்ன கருவி என்று உனக்குத் தெரியாது, அவள் சொல்ல வந்தாள், நீதான் விடவில்லை. நம் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதே, மோட்டாரைப் போட்டுவிட்டு எல்லோரும் மறந்துவிடுவோம், தண்ணீர் வழிந்து தையல்காரம்மா காயப்போட்ட துணியெல்லாம் நனையும், அவர் கீழேயிருந்து நம் வம்சத்தையே விசாரிப்பார். அதற்காக ஒரு மிதவை, விரல் நகம் அளவில் ஒரு கம்ப்யூட்டர் சில்லு, மணியைத் தட்ட ஒரு குட்டி மோட்டார் எல்லாம் வைத்து, தொட்டி நிறைந்தால் மணி அடிக்கிற மாதிரி செய்தாள். அந்தச் சில்லுக்குள் இடம் கொஞ்சம்தானாம், சி தான் அதில் கையைக் காலை மடக்கி உட்காருமாம். முதல் நாள் காற்றில் தண்ணீர் அலையடித்ததற்கெல்லாம் மணி அடித்துத் தொலைத்தது. தையல்காரம்மா மேலே ஏறி வந்து, ஏம்மா, மேல கோயில் கட்டிட்டீங்களா, இல்ல பள்ளிக்கூடம் நடத்துறீங்களா என்றார். இவள் சாப்பிடாமல்கூட உட்கார்ந்து எதையோ மாற்றினாள், அப்புறம் சரியாகிவிட்டது. என்னடி செய்தாய் என்று கேட்டேன். தண்ணி தொட்டவுடனே நம்பாதே, கொஞ்ச நேரம் அங்கேயே நிக்குதான்னு பாரு, நின்னா மட்டும் அடின்னு சொல்லிக்குடுத்தேன் பாட்டி என்றாள். அப்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. கணக்குப் பாடத்தில் முதல் மார்க் வாங்கியபோதுகூட அப்படி ஒரு முகம் இல்லை.

எந்த மொழிக்கு எதிர்காலம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, ஐந்தாவதோடு நின்றவளுக்கு அது எங்கே தெரியப்போகிறது. நீ அனுப்பிய படத்தை அவள் காட்டினாள், பைத்தானுக்கு ஒரு கோடு மேலே ஏறிக்கொண்டே போகிறது, சிக்குப் போட்ட கோடு சோம்பேறி மாதிரி படுத்துக் கிடக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்கு உன் மாமாதான் ஞாபகத்துக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வேலை விளம்பரங்களை வெட்டி எடுத்துவந்து நம் வீட்டு அலமாரிக் கதவு முழுக்க ஒட்டிவிட்டு, ஜாவா ஜாவா என்று குதித்தாரே. இந்த சி எல்லாம் அஞ்சு வருஷத்துல செத்துடும், ஜாவா படிக்கிறவன்தான் பிழைப்பான் என்றார். மழை வராது என்று அவர் சொன்னாலே நான் கொடியில் கிடக்கும் துணியை எடுத்து உள்ளே போடுகிறவள், ஆனால் நீ நம்பினாய். செருப்புக்கடை மாடியில் இருந்த அந்த கம்ப்யூட்டர் சென்டரில் ஜாவா வகுப்பு விடிகாலையில், உங்கப்பாவுக்கு ஆலையில் முதல் ஷிப்டும் அந்த நேரத்தில்தான், வீட்டில் இருந்ததோ ஒரே சைக்கிள். நீ கோபத்தில் சைக்கிள் ஸ்டாண்டை உதைத்துவிட்டு நொண்டிக்கொண்டே சுற்றினாயே. உங்கப்பா சிரிக்காமல் சொன்னார், சைக்கிள் வீட்டுக்கு வந்து சேர்ற நேரத்துக்கு எந்த மொழி நடக்குதோ அதைப் படிடா என்று. மதியத்துக்கு மேல் இருந்தது சி வகுப்புதான். அவர் ஆலையிலிருந்து வந்து இறங்குவார், இருக்கை சூடு ஆறுவதற்குள் நீ ஏறிப் போவாய். இருட்டுகிற நேரத்தில் தெருமுனையிலேயே மணியை அடித்துக்கொண்டு வருவாய், மதியம் அவர் அடிப்பதும் அப்படித்தான், நான் கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கதவைத் திறப்பேன். அந்த மொழிதான் உன்னை விமானம் ஏற்றியது, இந்த வீட்டுக்கு மாடி கட்டியது. அதைக் குழி என்று சொல்ல உனக்கு எப்படி வாய் வந்தது கண்ணு.

உன் மகளிடம் நீ சந்தையை அலசி ஆராய்ந்து அந்த மொழியை எடுத்ததாகச் சொல்லியிருக்கிறாய் போல. படிக்கட்டுக்கு அடியில் கிடக்கும் சைக்கிளைப் பற்றி அவள் கேட்டபோது நான் உள்ளதைச் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தாள், உன் மேல் அவளுக்கு அன்று வந்த பிரியம் எனக்குத் தெரியும். மறுநாள் பார்த்தால் சைக்கிளில் மணியைக் காணோம். பழைய இரும்புக்காரன் வேலை என்று அவனைத் திட்டிக்கொண்டே இருந்தேன். ரெண்டு நாள் கழித்து அடுப்படியில் நின்றுகொண்டிருக்கிறேன், அந்த மணி அடிக்கிறது. அதே கிணிங் சத்தம், கடைசியில் கொஞ்சம் கரகரப்பு. கையைத் துடைத்துக்கொண்டே போய் வாசல் கதவைத் திறந்துவிட்டேன். வாசலில் யாரும் இல்லை, மேலே தொட்டி நிறைந்து, அவள் மாட்டிய சைக்கிள் மணி முதல் தடவையாக அடித்திருக்கிறது, அவ்வளவுதான். உங்கப்பா போய் இவ்வளவு காலம் ஆகியும் என் கால்களுக்கு அது தெரியவில்லை பார். கட்டெறும்பு ஓடிவந்து பயந்துட்டியா பாட்டி, வேற மணி மாத்திடவா என்றாள். மாற்றினால் உன் கையை ஒடித்துவிடுவேன் என்றேன். அதற்குப் பிறகு தினமும் கதவைத் திறக்கத்தான் செய்தேன், கொஞ்சம் காற்று வருமே என்று அவளிடம் சொல்லிக்கொண்டேன்.

இப்போது அது பெட்டிக்குள் இருக்கிறது. இன்றைக்குக் காலையில் தொட்டி வழிந்து தையல்காரம்மாவின் துணி நனைந்தது, மேலே வந்தவர் திட்டக்கூட இல்லை, மணி ஏன் அடிக்கல, பாப்பாவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டுவிட்டுப் போனார்.

போன மாதம் நீ போகிற போக்கில் ஒன்று சொன்னாய், ஆபீசில் உனக்கு மேலே பைத்தான் தெரிந்த ஒரு சின்னப் பெண்ணை உட்கார வைத்திருக்கிறார்கள் என்று. அதற்குப் பிறகுதான் நீ இப்படிப் பைத்தான் பைத்தான் என்று அலைகிறாய், பெற்றவளுக்குத் தெரியாதா. பயமாக இருந்தால் என்னிடம் சொல், அந்தக் குழந்தையை அதட்டாதே. அவளுக்கு நீ சரி என்றுகூடச் சொல்ல வேண்டாம். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் ஒரு தரம் கூப்பிட்டு, காற்றடித்தாலும் மணி அடிக்காமல் எப்படிச் செய்தாய் என்று மட்டும் கேள், முடிக்கும்வரை வாயைத் திறக்காதே. அவளுடைய சில்லுக்கு இருக்கிற பொறுமை உனக்கும் கொஞ்சம் வரட்டும். அதற்கப்புறமும் பைத்தான்தான் என்று உனக்குத் தோன்றினால் அதையும் சொல், அவளும் கேட்பாள், ஆனால் கல்லூரிப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் குறி போடுவது என்பதை அவள் கையில் விட்டுவிடு. கூப்பிடும்போது பெட்டியைத் திறந்து அந்த மணியை ஒரு தடவை அடித்துக் காட்டச் சொல், உனக்கு அடையாளம் தெரியும்.

மருமகளை விசாரித்ததாகச் சொல். நாற்காலியை மாற்று, வேளைக்குச் சாப்பிடு. நோய்நொடி இல்லாமல் நீங்கள் எல்லோரும் நிறைவாக வாழவேண்டும் என்று என்றைக்கும் வேண்டிக்கொள்கிறேன். நான் எழுதியதாக அவளிடம் மூச்சுவிடாதே, கடித்துவிடுவாள். காலையில் கூப்பிட மறக்காதே, அப்போதுதான் தொட்டிக்கு மோட்டார் ஓடும்.

இப்படிக்கு,
மணிச் சத்தம் கேட்டால் இன்னும் கதவைத் திறக்கும்
உன் அம்மா