எட்டு மணிக்கு அறுந்துபோகிற லைன்

திருச்சுழி,
புதன்கிழமை.

அன்பு மகன் அசோக்குக்கு அம்மா கனகலட்சுமி சொல்லச் சொல்ல, தம்பி தனுஷ் எழுதுவது. முதற்கண் ஒரு முக்கிய அறிவிப்பு. பொங்கலிலிருந்து தலைமறைவாக இருந்த நம் வீட்டு மிக்சி மூடி, பருத்திக்கொட்டை மூட்டைக்குப் பின்னால் கண்டெடுக்கப்பட்டு, தக்க மரியாதையுடன் மிக்சிமேல் மீண்டும் பதவி ஏற்றது. (இதை அம்மா சொல்லவில்லை. அம்மாவுக்கு இரண்டு கையும் காராச்சேவு மாவு, என் தலையில் குட்டக்கூடக் கை இல்லை. இனி அடைப்புக்குறிக்குள் வருவது நான், வெளியே இருப்பது அம்மா.)

ராசா, இங்கே எல்லோரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீ அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறாயா, ஏசியைக் குறைத்து வைத்துப் படுக்கிறாயா என்பதுதான் எனக்கு நினைப்பு. அப்பா நம் கடைப் புண்ணாக்கு லோடு இறக்க எம்.ரெட்டியபட்டிக்குப் போயிருக்கிறார்கள், முழங்கால் வலியோடுதான், சொன்னால் யார் கேட்கிறார்கள். மழை பரளச்சி வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது. கடைவீதி சுல்தான் பாய் இன்று சாயங்காலம் மதுரையில் ஷார்ஜாவுக்கு ஃபிளைட் ஏறுகிறார், பையில் இடம் இருக்கிறது என்று அவர் வீட்டு மும்தாஜ் வந்து சொன்னாள், அதனால்தான் இந்தச் சேவும் பருப்புப்பொடியும், கூடவே இந்தக் கடிதமும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில்தான் நீ பேச விடுவதில்லையே. சாயங்காலம் வீடியோவில் கூப்பிடுகிறாய், சாப்பாடு, வெயில், அப்பா கால் எல்லாம் நன்றாகப் பேசுகிறாய், மல்லாங்கிணறு ராஜகுரு மகள் பேச்சை எடுத்தேனோ இல்லையோ, உன் முகம் அப்படியே கல்லாய் நிற்கிறது, லைன் அறுந்துவிடுகிறது. ஒரு நாள் என்றால் சரி, தினமும் அதே பேச்சில் அதே கதை. திரும்பக் கூப்பிட்டால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பிறகு கேட்டால் நீங்கதாம்மா வச்சீங்க என்று எனக்கே மெசேஜ் போடுகிறாய். பெண் விஷயத்தை மெசேஜில் கேட்க எனக்கு மனசு வரவில்லை, அது முகம் பார்த்துக் கேட்கிற விஷயம்.

வீட்டுக்குள் டவர் கிடையாது, நீ லீவில் வந்தபோது மாட்டிய அந்த ஃபயர்வால் பெட்டிதான் எனக்குக் கதி. ஒவ்வொரு போனுக்கும் கம்பெனியிலேயே போட்ட நம்பர் ஒன்று உண்டு, எந்த நம்பரைப் பெட்டியில் ஏற்றியிருக்கிறோமோ அந்த போனுக்குத்தான் நெட் விடும் என்று சொல்லி என் போனையும் அப்பா போனையும் கடை கம்ப்யூட்டரையும் ஏற்றினாய், பிளஸ் டூ முடியட்டும் என்று தம்பி போனை மட்டும் விட்டுவிட்டாய். (நெருப்புச் சுவர் என்று பெயர். அதில் வெந்தது நான் ஒருவன்தான்.) பெட்டியில் கோளாறோ என்று இவனிடம் கேட்டேன். இவன் குடைந்து பார்த்துவிட்டு, அடுத்த வீட்டு முத்துலட்சுமி மகன் நம் லைனைத் திருடுகிறான், நான் அடைத்துவிட்டேன் என்றான். (அருப்புக்கோட்டை வரைக்கும் தேடினாலும் இப்படியொரு நெட்வொர்க் டாக்டர் கிடைக்கமாட்டான் அண்ணே. நாடி பார்த்தே நோய் சொல்லிவிட்டேன்.) நானும் முத்துலட்சுமியோடு பேச்சை நிறுத்திவிட்டேன். கருவேப்பிலை கேட்டு வந்தாள், மரத்தில் இல்லை என்றேன், மரம் அவள் தலைக்குமேலேயே நின்றது. ஆனால் அடைத்த பிறகும் லைன் அறுகிறது. அப்படியென்றால் அறுக்கிறது நீதான்.

வெள்ளிக்கிழமை ராஜகுரு வீட்டில் பதில் கேட்டு வருகிறார்கள். அந்தப் பெண்ணுக்கு வேறு இடமும் வந்திருக்கிறதாம், இதற்குமேல் இழுத்துப் பிடிக்க முடியாது. எனக்கு அந்தப் பிள்ளையை மனசுக்குப் பிடித்திருந்தது, ஆனால் உனக்குப் பிடிக்காததை உன் தலையில் கட்டமாட்டேன். தோதுப்படவில்லை என்று சொல்லிவிடுகிறேன். வேண்டாம்மா என்று ஒரு வார்த்தை வாய்திறந்து சொல்லியிருக்கலாம் நீ. படுத்தால் புரண்டுகொண்டே கிடக்கிறேன், உட்கார்ந்தால் எழுந்து போய் போனைப் பார்க்கிறேன், இதைச் சொல்லும்போதே ஒரு ஈடு சேவு கருகிவிட்டது. (கருகினது எனக்கு. நல்லது உனக்கு.) சரி, போகட்டும். வெயிலில் அலையாதே, தண்ணீர் நிறையக் குடி, சேவை ரூமில் எல்லோருக்கும் கொடு, எவர்சில்வர் டப்பாவை மறக்காமல் பாய் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடு. நம் திருமேனிநாதர் உன்னை எந்தக் குறையும் அண்டாமல் பார்த்துக்கொள்ளட்டும், நீ நூறாயுசுக்கு நன்றாக இரு.

உன் அம்மா,
கனகலட்சுமி.

அண்ணே, அம்மா அடுத்த ஈடு போட அடுப்படிக்குப் போய்விட்டது. இனி அடைப்புக்குறி வேண்டாம், முழுக்க நான்தான். முத்துலட்சுமி அக்கா மகன் நம் லைனைத் தொடவே இல்லை, பாவம், அவனுக்கு நம் பாஸ்வேர்டுகூடத் தெரியாது. திருடன் நான். என் போனை ரூட் பண்ணி, அதாவது கம்பெனிப் பூட்டை உடைத்து, அதற்கு அம்மா போனுடைய அந்தக் கம்பெனி நம்பரைப் போட்டுவைத்திருந்தேன். பெட்டி என்னை அம்மா என்று நம்பி உள்ளே விட்டது. ஒரே நம்பரில் இரண்டு போன் வந்து நின்றால் பெட்டி குழம்பி ஒன்றை வெளியே தள்ளிவிடுகிறது, தள்ளுப்பட்டது அம்மா. லைன் அறுவது எனக்குத் தெரியும், மாட்டிக்கொள்வேனே என்றுதான் அடுத்த வீட்டுப் பையன் தலையில் போட்டேன். எந்தப் பேச்சில் அறுகிறது என்பது இன்றைக்கு எழுதும்போதுதான் தெரிந்தது. நான் டியூஷன் முடிந்து எட்டு மணிக்கு வந்து நெட்டைப் போடுகிறேன், அம்மா எல்லாக் கதையும் முடித்துப் பெண் பேச்சுக்கு வருவதும் அந்த நேரம்தான். அந்தப் பொண்ணு போட்டோவ இன்னொருக்க அனுப்புடா, அம்மாட்ட சொல்லாத என்று போன வாரம் எனக்கு மெசேஜ் போட்டாயே, உனக்கு எப்படிடா நெட் வந்தது என்று நீ கேட்கவே இல்லை. உன் அவசரம் உனக்கு.

இப்போதே என் போனைப் பழைய நம்பருக்கு மாற்றிவிட்டேன். இனி எட்டு மணிக்குமேல் எவ்வளவு வேண்டுமானாலும் பேசு. நெட்வொர்க் டாக்டர் போர்டையும் கழற்றியாச்சு. அடுப்படியில் குழாய்ச் சத்தம் கேட்கிறது, எழுதினதை வாசித்துக் காட்டுடா என்கிறது அம்மா. அம்மா கையெழுத்தோடு வாசிப்பை நிறுத்திக்கொள்ளலாம்தான். ஆனால் வெள்ளிக்கிழமை வருகிறதே, அதனால் கடைசி வரி வரைக்கும் வாசிக்கப்போகிறேன். அம்மா கையைக் கழுவிவிட்டது அண்ணே, இந்தத் தடவை குட்டுவதற்கு இரண்டு கையும் இருக்கிறது.