பாலத்தடியில் அம்மா காரை நிறுத்தினாள்

அரிப்பு,
ஞாயிறு பின்னேரம்.

என் அன்பு மகள் நிறஞ்சலாவுக்கு,

மடு மாதாவின் காவலில் நானும் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், அதுபோல நீயும் மருமகனும் பேத்தியும் நோர்வேக் குளிருக்குள் இருமல் தடிமன் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலைப் பூசையில் கேட்டுவிட்டு வந்துதான் பேனையைக் கையில் எடுத்தேன். எழுத்து கோணல்மாணலாக இருப்பதைப் பார்த்து இது யாருடைய கை என்று யோசிப்பாய், உன் அப்பாவின் கைதான் பிள்ளை, வேறு யாருடையதும் இல்லை. இதுவரை உனக்கு வந்த கடிதமெல்லாம் நான் சொல்லச் சொல்ல அம்மா எழுதியவை. நான் சொன்னதில் பாதியை அவள் விட்டுவிடுவாள், தன்னைப் பற்றி நான் ஏதும் நல்லதாகச் சொன்னால் முழுவதையும் விட்டுவிடுவாள். அதனால் இந்தக் கடிதத்தை அவளுக்குக் காட்டாமல் எழுதுகிறேன். நாங்கள் மீள்குடியேறி வந்து தகரக் கொட்டிலில் இருந்த முதல் மாரியில், மழையில் வாடகைக்கார் ஓட்டம் ஒன்றும் இல்லாமல் நான் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தபோது, அம்மா என்னைப் பிடித்து இருத்தி எழுத்துப் பழக்கியது உனக்குத் தெரியும். இப்போது தெருவில் எதைக் கண்டாலும் வாசிக்கிறேன், கடைப் பெயர், பஸ்ஸின் நெற்றி, மிதிவெடி எடுக்கிறவர்கள் நட்டுவைத்த சிவப்புப் பலகை, ஒன்றையும் விடுவதில்லை. அம்மா சொல்கிறாள், “இஞ்சேரப்பா, மனசுக்குள்ள வாசியுங்கோ, பஸ்ஸில சனம் பாக்குது” என்று. வாசித்தது வாய்க்கு வராவிட்டால் வாசித்த மாதிரியே இல்லை எனக்கு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன முறை தொலைபேசியில், அப்பா உங்களுக்கு வயது போய்விட்டது, அந்தப் பழைய காரை விற்றுவிடுங்கோ, எனக்கு இங்கே நித்திரை இல்லை என்று நீ சொன்னபோது நான் தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன், கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை மகள், உனக்குச் சொல்லாமல் ஒன்றை வைத்திருந்தேன். லைசென்ஸைப் புது அட்டையாக மாற்றுவதற்கு மன்னாருக்குப் போனோம் அல்லவா, அங்கே கண் பார்த்த டொக்டர் என் வலது கண்ணில் நரம்பு பழுதாகிவிட்டது, வெட்டிச் செய்தாலும் பார்வை திரும்பாது என்று சொன்னார். மற்றக் கண் நல்லது, வாசிக்க எழுத அது போதும், மருந்து விடுகிறேன், நோவும் இல்லை, நீ பயப்படாதே. ஆனால் “ஐயா, இனி நீங்கள் வாகனம் ஓடக் கூடாது” என்று சொல்லிவிட்டார். நல்ல பிள்ளை அவர், சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்குக் காரை ஆஸ்பத்திரி மரத்தடியில் பூட்டி விட்டுவிட்டு, திறப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நானும் அம்மாவும் பஸ்ஸில் வந்தோம். அன்று மட்டும் நான் ஒரு பலகையையும் வாசிக்கவில்லை.

மறுநாள் நானாட்டான் கராஜ்கார அருட்பிரகாசம் திறப்பை வாங்கிக்கொண்டு போய்க் காரைக் கொண்டுவந்து தந்தான். பெற்றோல் இல்லாத சண்டைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடி ஓடி அந்த இயந்திரம் இருமிக்கொண்டு கிடந்தபோதெல்லாம் அதற்கு உயிர் கொடுத்தவன் அவன்தான். வந்தவன் காரைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, “அண்ணை, ஓடாமல் விட்டால் உப்புக் காத்து இதைத் திண்டிடும். எனக்குத் தாங்கோ, கலியாண வீடுகளுக்குச் சோடிச்சு விடுறன்” என்றான். அவனில் பிழை இல்லை, சொன்னது முழுக்கச் சரி. ஆனால் நம்முடைய மொறிஸ் மைனர் நெற்றியில் ரிபன் கட்டிக்கொண்டு, முன்பின் தெரியாத மாப்பிள்ளைமாரை ஏற்றித் திரிவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நீ வயிற்றில் இருந்தபோது அம்மா ஏறிய கார், இடம்பெயர்ந்து போகும்போது மேலே பாயும் சட்டியும் கட்டிக்கொண்டு எங்களை இழுத்துப் போன கார், திரும்பி வரும்போது வீட்டில் கூரைகூட இல்லை, காருக்குள்தான் படுத்தோம். மடு ஆவணித் திருவிழா முடிந்த பிறகு எடுத்துக்கொண்டு போ என்று சொல்லிவிட்டேன். அப்போது தேத்தண்ணி கொண்டுவந்த அம்மா, “தம்பி, அவசரப்படாதையும், நான் கார் ஓடப் பழகப் போறன்” என்றாள். அருட்பிரகாசத்துக்குத் தேத்தண்ணி மூக்கால் வந்தது. நானும் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை, என் கையிலிருந்த கோப்பையை வாங்கிக்கொண்டு, “உங்களுக்கு ஆனா ஆவன்னா பழக்கேக்க நான் சிரிச்சனானோ?” என்று கேட்டாள். ஆவணிக்கு முன் அம்மா லைசென்ஸ் எடுத்தால் கார் நமக்கு, எடுக்காவிட்டால் அருட்பிரகாசத்துக்கு என்று அந்த இடத்திலேயே பேச்சாகிவிட்டது.

அல்லிராணிக் கோட்டைக்குப் பக்கத்து வெளியில் பழக்கினேன். உனக்குத் தெரியும், ஓட்டக் காரில் முன் இருக்கை எப்போதும் காசு கொடுத்து ஏறுகிறவருக்குத்தான், அம்மா பின்னால் இடப்பக்கம், பிறகு அதுவே பழகிப் போய், நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனாலும் அவள் பின்னால்தான் ஏறுவாள். அப்படிப் பின்னால் இருந்தவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நான் நினைத்திருந்தேன். முதல் நாளே கியரை எப்போது மாற்றுவது என்று சொல்ல வாயைத் திறக்கிறேன், அதற்கிடையில் மாற்றிவிட்டாள். எப்படித் தெரியும் என்று கேட்டால், “நீங்கள் கியர் மாத்தேக்க மூச்சை உள்ளுக்கு இழுப்பியள், பின்னால இருந்து அதைத்தானே கேட்டுக்கொண்டு வாறனான்” என்கிறாள். ஆனால் பிரேக் வேறு கதை. மூன்றாம் கியரில் நேரே போய்க் கருவாட்டுப் பந்தலில் ஏற்றிவிட்டாள். சீலாக் கருவாடு கண்ணாடி முழுக்க. பந்தல்காரி அன்னப்பிள்ளை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து, “ஏனடி மாக்கிறட், கருவாடு வேணுமெண்டால் கேட்டிருக்கலாம், காரோட வந்து அள்ளோணுமோ?” என்றாள். கரையில் வலை துப்புரவாக்கிக்கொண்டிருந்தவர்கள் விடுவார்களா, “அக்கா, கடலுக்குள்ள இறக்கினால் சொல்லுங்கோ, நாங்கள் தோணியில வாறம்” என்று ஒரே கூக்குரல். காருக்குள் இன்னும் கருவாட்டு மணம் இருக்கிறது, நீ வரும்போது முகத்தைச் சுளிக்காதே.

நான் கத்தினேன் மகள். பழக்கிறபோது எனக்குப் பொறுமை இல்லை. அம்மா இயந்திரத்தை நிறுத்தி, திறப்பை மடியில் வைத்துக்கொண்டு, “மீராசாஹிபு முதலாளி உங்களைப் பழக்கேக்க இப்பிடிக் கத்தினவரோ?” என்று கேட்டாள். இல்லை. சிலாவத்துறையில் முதலாளியின் ஒஸ்ரின் காரைக் கழுவப் போன என்னை, ஒருநாள் அவரே சாரதி இருக்கையில் இருத்தினார். நான் பிழை விட்டால் கத்த மாட்டார், கதவில் மெல்லத் தட்டி, “பஸ்ரியன், கார் அழுகுது” என்பார், அவ்வளவுதான். அன்றிலிருந்து நானும் அம்மாவுக்கு அதையே சொன்னேன். கொஞ்ச நாளில் காரும் அழுகையை விட்டுவிட்டது. முதலாளியின் மகன் அப்துல் றசாக் இடம்பெயர்ந்து போயிருந்த புத்தளத்திலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்து பழைய வளவிலேயே கடை போட்டிருக்கிறான். அம்மா கார் ஓடிக்கொண்டு போவதைக் கண்டு கடைப்படி இறங்கி நின்று, “அக்கா, எங்கட வாப்பா இருந்திருந்தால் உங்களைத்தான் சாரதியா வச்சிருப்பார், பஸ்ரியன் அண்ணைக்கு வேலை போயிருக்கும்” என்று கூப்பிட்டுச் சொன்னான். அம்மாவுக்கு அன்று முழுக்க நடை வேறு மாதிரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திரும்பும்போது காரின் பக்கத்திலிருந்து வெளியே வரும் அந்தச் சிக்னல் கை, சின்னதில் நீ “கார் கை நீட்டுது, கார் கை நீட்டுது” என்று பின் இருக்கையில் ஏறி நின்று துள்ளுவாயே, அது நெடுங்காலமாக வேலை செய்யவில்லை, நான் என் கையைத்தான் நீட்டி ஓடினேன். அம்மாவின் சோதனைக்கு அது வேண்டும் என்று அருட்பிரகாசம் தானே வந்து திருத்தித் தந்தான். அவள் பாஸ் பண்ணினால் கார் உனக்கு இல்லையே என்று கேட்டேன். “தெரியும் அண்ணை, அதுக்காக அக்கா சிக்னல் இல்லாமல் போய்த் தோக்கிறதோ?” என்றான். அவனுடைய பிள்ளைகளுக்கு நீ வரும்போது ஏதாவது நல்ல உடுப்புக் கொண்டு வா.

சோளகக் காற்று பிடித்த பிறகு மன்னாரில் சோதனை நடந்தது. எழுத்துச் சோதனையை முதலே எழுதி முடித்திருந்தாள், கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பித்தவளுக்கு அது என்ன பெரிய காரியம். ஓடிக் காட்டும் அன்று நான் அவளுடைய கைப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மதிலோரம் நின்றேன், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு எத்தனை செபமாலை சொன்னேன் என்று மாதாவுக்குத்தான் தெரியும். கார் திரும்பி வந்து நின்றது, சோதித்தவர் இறங்கினார், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. “அம்மா, உங்களை ஆர் பழக்கினது?” என்று கேட்டார். அம்மா என்னைக் காட்டி, “அந்தா நிக்கிறார், ஒரு கண் தெரியாத மனுசன்” என்றாள். அவர் என்னைப் பார்த்து, “மற்றக் கண் நல்லாத் தெரியும் போல” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பிள்ளை, எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா பையை வாங்கிக்கொண்டு, “ஏறுங்கோ, சனம் பாக்குது” என்றாள். பழக்கிறபோது பக்கத்தில் இருந்தது வேறு, அன்றைக்குத்தான் நான் முன் இருக்கையில் ஓட்டத்துக்கு வந்தவர் மாதிரிக் காலை நீட்டி இருந்தேன்.

மன்னார்ப் பாலத்தடிக்கு வந்தோம். உனக்கு அந்த இடம் மறந்திருக்காது. ஆமிக்காரர் மறித்துச் சோதிக்கும் சென்றி இருந்த காலத்தில் எல்லாரும் அங்கே இறங்க வேண்டும், ஓடுகிறவன் மட்டும் காரோடு. நீயும் அம்மாவும் பையைத் தூக்கிக்கொண்டு கம்பிவேலி ஓரமாக நடந்து, அடையாள அட்டையைக் காட்டி, மற்றப் பக்கம் வந்து ஏறுவீர்கள். இப்போது அங்கே ஒன்றும் இல்லை, புதுப் பாலமும் இரண்டு பக்கமும் கடலும்தான். ஆனாலும் அந்த இடம் வந்தால் பின்னால் இருக்கும் அம்மாவின் கை தன்பாட்டில் கதவுப் பிடிக்குப் போகும், நான் கண்ணாடியில் கண்டிருக்கிறேன். அன்று அதே இடத்தில் அவள் காரை ஓரங்கட்டி நிறுத்தினாள். சில்லில் காற்றுப் போய்விட்டதாக்கும் என்று நினைத்தேன். “இறங்குங்கோ” என்றாள். ஏன் என்று கேட்டேன். “நான் எவ்வளவு காலம் நடந்தனான், ஒருக்கா நீங்கள் நடவுங்கோ. அந்தப் பக்கம் நிக்கிறன்” என்றாள். சிரித்துக்கொண்டே இறங்கினேன். கார் போனது.

மகள், நம்முடைய கார் என்னை விட்டுவிட்டுத் தெருவில் போவதை நான் அன்றைக்கு முன் கண்டதில்லை. எப்படிக் காண்பேன், எப்போதும் உள்ளேதானே இருந்தேன். பின்னால் நின்று பார்க்க அது இவ்வளவு சின்னது என்று எனக்குத் தெரியாது. நம்பர்த் தகடு ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. நடக்க நடக்க அது இன்னும் சின்னதாகிக்கொண்டு போனது, காற்று என் சட்டையை இழுத்தது, நல்ல கண்ணால் பார்க்கிறேன், பாலத்தின் மேட்டில் ஏறி அந்தப் பக்கம் இறங்கிக் காணாமல் போய்விட்டது. சிரிப்பு நின்றுவிட்டது எனக்கு. எல்லாம் நல்லபடி இருக்கும் இந்தக் காலத்தில், பட்டப்பகலில், எனக்குப் பயம் பிடித்தது. அந்தக் காலத்தில் நான்தான் அந்தப் பக்கம் காரோடு நின்று உங்களுக்காகக் காத்திருந்தேன் என்று எல்லாருக்கும் சொல்லுவேன். நீங்கள் இரண்டு பேரும் எதைப் பார்த்துக்கொண்டு நடந்தீர்கள் என்று அன்றைக்குத்தான் கண்டேன். ஓட்டமும் நடையுமாக மேட்டில் ஏறினேன். அந்தப் பக்கம், கீழே, கார் ஓரமாக நின்றுகொண்டிருந்தது, இடப்பக்கத்துச் சிவப்புக் கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தெருவில் வேறு ஒரு வாகனமும் இல்லை, எனக்காகத்தான் நீட்டியிருக்கிறாள். நீ சொன்ன மாதிரியே நானும் “கார் கை நீட்டுது” என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

கிட்டப் போனதும் கதவைத் திறந்துவிடவில்லை. கண்ணாடியை இறக்கி, முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு, “ஐடென்ரிகாட்” என்று கையை நீட்டினாள். நானும் எடுத்துக் கொடுத்தேன். படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பவும் படத்தைப் பார்த்தாள், பிறகு அந்தச் சென்றிப் பொடியன்கள் சொல்லும் மாதிரியே “ஹரி, யன்ன” என்று சிங்களத்தில் போகச் சொன்னாள். அதோடு அவளுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை, எனக்கும்தான், இரண்டு கிழடுகளும் பாலத்தடியில் காரை நிறுத்திவைத்துக்கொண்டு சிரிப்பதைப் பார்த்துப் பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனான். வீட்டுக்கு வரும் வழியில் நானாட்டானுக்குத் திருப்பி, கராஜ் வாசலில் இறங்காமலே இருந்து, கார் நமக்குத்தான் என்று அருட்பிரகாசத்துக்குச் சொன்னோம். அவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து முதல் வேலையாக அம்மாவுக்குக் கை கொடுத்தான், எனக்குக் கொடுக்கவில்லை.

ஆகையால் மகள், காரை விற்கச் சொல்லி இனிக் கேட்காதே, நித்திரையைக் கெடுத்துக்கொள்ளாதே. நான் ஓடவில்லை, ஓடப் போவதும் இல்லை, அம்மா என்னைவிட மெல்ல ஓடுகிறாள், மாடு படுத்திருந்தால் அது தானாக எழும்பும் வரைக்கும் நிற்கிறாள். நீயும் அங்கே பனியில் வேகமாக ஓடாதே, பேத்திக்குப் பெல்ட் போட மறக்காதே, மருமகன் ஓடும்போது பக்கத்தில் இருந்து புத்தி சொல்லாதே, அது எவ்வளவு எரிச்சல் என்று இப்போது எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் அதைத்தான் செய்கிறேன். உனக்கும் உன் வீட்டுக்கும் மாதாவின் அடைக்கலம் எந்நாளும் இருக்கட்டும், தெருவிலும் கடலிலும் போகிற எல்லாருக்கும் இருக்கட்டும்.

ஆவணித் திருவிழாவுக்கு நீ வரும்போது கொழும்பிலிருந்து வான் பிடிக்க வேண்டாம், மன்னார் வரைக்கும் பஸ்ஸில் வா, மடுவுக்கும் மற்ற இடங்களுக்கும் அம்மா கூட்டிக்கொண்டு போவாள். பாலத்தடியில் நிறுத்துவாள், யாரென்றாலும் அங்கே இறக்கித்தான் விடுகிறாள், போன கிழமை பங்குச் சுவாமியாரையும் இறக்கிவிட்டாள். நீ சின்னதில் அந்தத் துண்டை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாய். உன்னோடு நான் ஒருநாளும் நடந்ததில்லை. இந்த முறை நானும் இறங்கி வருவேன். எனக்கு வலது பக்கமாக நின்று கையைப் பிடி பிள்ளை, அந்தப் பக்கம் எனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
தன் கையாலேயே எழுதும் உன் அப்பா,
பஸ்ரியன்