வெயிலாக வா என்று பாடினாயே

நான் எவ்வளவு திட்டினாலும் சிரித்துக்கொண்டே கேட்கும் என் எஸ்தர் அக்காவுக்கு,

இன்றும் திட்டத்தான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் முதல் வருட நினைவு ஜெபம். எனக்கு ஜெபத்தில் நம்பிக்கை இல்லை, உனக்குத் தெரியும். உன்னை இழந்து தனியாக நிற்கும் மாமாவுக்காக மரக்காணத்துக்கு பஸ் ஏறி வந்து ஓரமாக உட்கார்ந்தேன். புதிதாக வந்திருக்கும் பாஸ்டர் உனக்குப் பிடித்த பாட்டை எடுத்தார்: 'மழையாக வா, என் நாதா.' உன்னோடு உப்பு வாரிய பெண்களோ நீ எப்போதும் பாடியபடியே 'வெயிலாக வா' என்று பாடிவிட்டார்கள். அவர் கைதட்டி நிறுத்தினார்.

"பாட்டுல மழைன்னுதான் இருக்குது. எஸ்தரம்மா படிக்காதவங்க, தெரியாம மாத்திட்டாங்க. மேடம், காலேஜ்ல பாடம் எடுக்கிறவங்க நீங்க, சொல்லியிருக்கக் கூடாதா?"

"உப்பளத்துக்காரங்க மழையக் கூப்பிடுவாங்களா பாஸ்டர்? பாத்தியில உப்பு கரைஞ்சா நீங்க வந்து வாரித் தருவீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

உன் சிநேகிதி செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏம்மா, சாமியே இல்லன்னுவ. இப்ப சாமி பாட்டுக்கு சண்டைக்கு நிக்கிற!"

பாஸ்டர் வேறு பாட்டுக்குத் தாவினார். வீடு திரும்பிய பிறகுதான் என் கோபம் உன் பக்கம் வந்தது. கோடை தவறாமல் வெயிலைக் கூப்பிட்டாய். வந்தது. போன வருடம், அந்தக் கடைசி நாள் காலையிலேயே தலை சுற்றுகிறது என்றாயாம். "வெயில் நம்ம ஆளுடி, என்னை என்னா செஞ்சிடும்?" என்று செல்வியிடம் சிரித்துவிட்டுப் பாத்தியில் இறங்கினாயாம். மதியத்துக்குள் அதிலேயே விழுந்தாய்.

உன் நாதன் நீ கேட்டதைக் கேட்டபடியே கொடுத்துவிட்டானா? நிழல் என்று ஒன்று உண்டென்று அவனுக்குத் தெரியாதா? நீதான் அதை ஒரு தடவையாவது கேட்டாயா? இல்லாத ஒருவன் மேல் இத்தனை ஆத்திரம் எனக்கு ஏன் வருகிறது?

மாமா அந்தப் பாட்டு வரியை உன் கல்லறைக் கல்லில் பொறிக்க நினைக்கிறார். "பாஸ்டர் மழைங்கிறாரு. எனக்கு ஒண்ணும் புரியல. நீயே சொல்லிடும்மா" என்று என்னிடம் விட்டுவிட்டார். உன்னைக் கொன்ற சொல்லை உன் தலைமாட்டில் நானே எப்படி வைப்பேன்? மழை என்று வெட்டினால் அது வேறு யாருடைய கல்லோ.

வெயில் என்றே வெட்டச் சொல்லப் போகிறேன். நீ அதை ஜெபமாக வைத்துக்கொள். நான் அதைப் புகாராக வைக்கிறேன். நான் இருக்கும்வரை அதைத் திருத்த யாரையும் விடமாட்டேன். பாஸ்டரானாலும் சரி, அவருக்கு மேலே இருப்பதாக நீ சொன்னவனானாலும் சரி.

இன்னும் உன்னோடு சமாதானமாகாத
உன் தங்கச்சி