தொட்டிக்குப் பின்னால் வைத்த பெட்டி

நாள் 203, 07:10
செவ்வாய் சுற்று நிலையம். ஆள்: ஒருவர். கோமதிநாயகம், வயது ஐம்பத்து மூன்று. காற்று சரி, வெப்பம் சரி, காபி சரியில்லை. இரண்டு வளர்ப்புப் பெட்டிகளும் முப்பத்தேழு டிகிரியில் நிற்கின்றன. பெட்டி ஒன்று: மருந்து போட்ட புற்றுச் செல்கள். ஆறாம் நாளில் பத்தில் ஒன்பது செத்துவிட்டன. பெட்டி இரண்டு: மருந்து போடாதவை. கொழுத்துக் கிடக்கின்றன. பதினோராவது முறையாக இதே முடிவு. சந்தோஷப்பட வேண்டும், தூக்கம்தான் வருகிறது.

நாள் 204, 11:30
இதைக் கண்டெடுப்பவர் உயிரியல் படித்திராவிட்டால் ஒரு வார்த்தை. இத்தனை கூத்தும் ஒரே ஒரு புரதத்துக்காக. எங்கள் ஆய்வுக்கூடத்தில் அதற்கு வாட்ச்மேன் என்று பெயர். செல்லின் கருவுக்குள் இருக்கும்வரை அறுந்த மரபிழைகளை ஒட்டுப்போடுவான். கருவை விட்டு வெளியே வந்தால் அதே ஆள் செல்லைப் பெருகச் சொல்வான், ஊர் விட்டு ஊர் போகச் சொல்வான். எங்கள் மருந்து அவன் கையைக் கட்டும். எங்கே இருந்தாலும் கட்டும் என்று நம்புகிறோம். பூமியில் மருந்தைக் கதிரோடு சேர்த்தே கொடுத்துப் பார்த்தோம், மருந்தைத் தனியாகச் சோதிப்பது இங்கேதான்.

நாள் 204, 16:05
பூமியிலிருந்து செய்தி. தங்கை உலகம்மை. மார்பில் கட்டி. என் மருந்தும் கதிர் சிகிச்சையும், ஊர்ப் பேச்சில் கரண்டு, சேர்ந்து நடக்கின்றன.
"அண்ணே, உலகு பேசுதேன். கட்டி பாதியா கொறஞ்சிட்டுன்னு டாக்டரம்மா சொல்லுதாவ. ஆனா கரண்டு வச்சு வச்சு தோலெல்லாம் கருகிப் போச்சு, சேல பட்டாலே எரியுது. மருந்து மட்டும் போதுமான்னு ஒங்ககிட்ட கேக்கச் சொன்னாவ. நீங்க ஒரு வார்த்த சொன்னா நிப்பாட்டிருவேன்."
பதினோரு முறை பார்த்த முடிவு. யோசிக்கவே இல்லை. "மருந்து போதும். கரண்டை நிப்பாட்டிரு" என்று அனுப்பினேன்.

நாள் 209, 09:40
சூரியப் புயல். பெட்டி ஒன்றின் சூடேற்றி போய்விட்டது. செய்தி அனுப்பும் கருவியும் வெளியே கருகிவிட்டது. கேட்கும் கருவி பிழைத்தது. மாற்று உதிரி கையில் இருக்கிறது, ஆனால் வெளியே போய்த்தான் பூட்ட வேண்டும். புயல் அடங்கப் பத்து நாளாவது ஆகும், அதுவரை வெளியே போகக் கூடாது.
புதிதாக மருந்து போட்ட தட்டுகளையும் பெட்டி இரண்டிலேயே வைத்தேன். மருந்துத் தட்டும் மருந்தில்லாத் தட்டும் ஒரே பெட்டியில் கூடாது என்பது எங்கள் கூடத்து ஆசாரம். ஒன்றின் ஆவி மற்றதில் படக் கூடாதாம். பதினெட்டு வருடப் பழக்கத்தை மனசில்லாமல் மீறினேன்.

நாள் 215, 08:20
ஆறாம் நாள். மருந்து போட்ட செல்கள் சாகவில்லை.
மூன்று முறை எண்ணினேன். சாகவில்லை. தட்டின் நடுவில் விட்டவை விளிம்புவரை ஊர்ந்திருக்கின்றன. சாயம் ஏற்றிப் பார்த்தேன். வாட்ச்மேன் கருவுக்குள் இல்லை. எல்லாம் வெளியே.

நாள் 215, 13:50
புரிந்துவிட்டது. புரியாமலே இருந்திருக்கலாம்.
பெட்டி ஒன்று வெளிச்சுவரை ஒட்டி இருந்தது. பெட்டி இரண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். தண்ணீர் கதிரைத் தடுக்கும், அது எனக்குப் பாடமாகத் தெரியும். பூமியில் இரண்டு பெட்டியும் ஒன்றுதான். இங்கே இல்லை. இத்தனை நாளும் மரபிழைகளை அறுத்துச் செல்களைக் கொன்றது விண்வெளிக் கதிர். என் மருந்து ஒட்டுப்போடுபவனைத் தடுத்தது, அவ்வளவே. கதிர் இல்லாவிட்டால் அது அவனைக் கருவை விட்டு விரட்டுகிறது, வெளியே அவன் கை கட்டப்படுவதே இல்லை. கட்டியைப் பரப்பச் சொல்லி நானே அனுப்பி வைக்கிறேன்.
உலகுக்குக் கட்டி குறைந்தது கதிரும் சேர்ந்ததால். அந்தக் கதிரைத்தான் நிறுத்தச் சொன்னேன். ஆசாரம் பார்த்தேனே, சுவரைப் பார்த்தேனா?

நாள் 216, 10:15
செய்தி.
"அண்ணே, கரண்ட நிப்பாட்டி பன்னெண்டு நாளாச்சு. தோலு ஆறிட்டு வருது, நல்லாத் தூங்குதேன். கழுத்துல மட்டும் நெறி கட்டுனாப்ல சின்னதா ரெண்டு உருண்ட. சளியாத்தான் இருக்கும். நீங்க சொன்ன பொறவு எனக்குப் பயமே இல்ல. ஏன் பதிலே போட மாட்டேங்கிய? வேல சாஸ்தியா?"
கத்தினேன். யாருக்குக் கேட்கும்?

நாள் 216, 12:40
சரக்குக் கலம் வர இன்னும் எழுபத்து நான்கு நாள். புயல் அடங்க மூன்று நாளாவது. உதிரி பூட்ட நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்தில் என் உடம்பு வாங்கப்போகும் கதிரைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இங்கே எழுதவில்லை. என் வாட்ச்மேன்கள் கருவுக்குள்தான் இருக்கிறார்கள். முடிந்ததைச் செய்யட்டும்.
களைப்பாக இருக்கிறது. அங்கியை மாட்டுகிறேன்.

நாள் 216, 13:05
கதவருகே. கண்டெடுப்பவருக்கு: என் உடம்பைத் தேட வேண்டாம். கருவி வேலை செய்யாமல் கிடந்தால், வேறெதற்கும் முன்னால் இதைப் பூமிக்கு அனுப்புங்கள். தேதி எவ்வளவு பிந்தியிருந்தாலும்.
உலகு, அது சளி இல்லை. மருந்தை நிறுத்து. அண்ணன் தப்பாகச் சொல்லி