உப்பில்லாக் கஞ்சி

அங்காளம்மாளுக்கு, உன் புருஷன் தருமன் பத்தாவியாவிலிருந்து எழுதுவது. நைனாவுக்குக் கால் வீக்கம் வடிந்ததா?

போன மாதம் தலை சுற்றிப் படகிலிருந்து விழுந்தேன். நீந்தத் தெரிந்தவன்தானே, பயப்படாதே. உப்பு கூடினால் ரத்தம் முறுக்கேறுமா என்று ஒல்லாந்து வைத்தியர் ஆராய்கிறார். அதற்காக எங்கள் படகு ஆட்களில் பாதிப் பேருக்குக் கருவாடு. எனக்கு உப்பில்லாக் கஞ்சி. தினமும் நாடி பார்க்கிறார்.

"இன்னாண்ணா, கடல்ல பொறந்தவனுக்கு உப்பு ஆவாதா?" என்று கூட்டாளி சிங்காரம் என் எதிரிலேயே கருவாட்டைக் கடிக்கிறான்.

இப்போது தலை சுற்றவில்லை. தூக்கம்தான் வரவில்லை. ஆராய்ச்சி முடியாமல் ஊருக்கு விடமாட்டாராம்.

நைனாவுக்கும் உப்பைக் குறை. போன கடிதத்தில் நான் கேட்ட கருவாட்டை அனுப்பாதே. கடிதம் கொண்டுவரும் கப்பல் கிளம்புகிறது, முடிக்கிறேன். உப்புப் போடாத மீனை அனுப்பலாம் என்றும் நினைக்காதே, வழியிலேயே கெட்டுவிடும். நான்தான் அங்கே வந்து தின்ன வேண்டும்.

தருமன்